கரண்ட் பழத்திலா, ஆணியிலா? – விஞ்ஞானி வோல்டா

எலுமிச்சம்பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணியையும் செம்புக் கம்பியையும் குத்தினால் கரண்ட் வரும். அது பழத்துக்குள்ளேயே இருந்ததா, இல்லை உலோகத்திலிருந்து வந்ததா? கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்டுப் பெரிய ஆளான ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா 1745 பிப்ரவரி 18-ல் இத்தாலியில் கோமோ என்ற ஊரில் பிறந்தார். நாலு வயசு வரைக்கும் பேச்சே வரலையாம். வீட்டில் ரொம்பப் பயந்தார்களாம். அந்தப் பிள்ளைதான் பிறகு பாவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்!

அப்போது கால்வானி என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். செத்த தவளையின் காலை இரண்டு வேறு உலோகங்களால் தொட்டதும் கால் துடித்தது. தவளை உடம்பிலேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791-ல் எழுதினார். வோல்டாவும் முதலில் அதை நம்பினார். தானும் செய்து பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வந்தது. தன் நாக்கிலேயே வெள்ளிக் காசையும் வெள்ளீயத் தாளையும் வைத்து இரண்டையும் சேர்த்தார். சுருக்கென்று புளித்தது. இங்கே தவளையே இல்லையே!

பிறகு வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, நடுவில் உப்புத் தண்ணியில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி இட்லித் தட்டு மாதிரி அடுக்கினார். மின்சாரம் நிற்காமல் ஓடியது. அதுதான் உலகின் முதல் பேட்டரி! 1800 மார்ச்சில் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதி அறிவித்தார். 1801-ல் பாரிஸில் நெப்போலியனுக்கே செய்து காட்டினார். பாவம், கால்வானி 1798-லேயே இறந்துவிட்டார். அவர் அதைப் பார்க்கவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். வோல்டா சொன்னதும் முழுசா சரியில்லை! இரண்டு உலோகம் தொட்டாலே போதும் என்று நினைத்தார். துத்தநாகம் கரைந்து வேதிவினை நடப்பதால்தான் கரண்ட் வருகிறது என்று பின்னால் தெரிந்தது. கால்வானியும் முழுத் தப்பு இல்லை. நம் நரம்புகளில் நிஜமாகவே மின்சாரம் உண்டு.

அப்போ எலுமிச்சை? அது அந்த நனைந்த அட்டை மாதிரி. அதன் புளிப்புச் சாறு வழி விடுகிறது. சக்தி தருவது துத்தநாகம். தக்காளி, உருளைக்கிழங்கிலும் வரும். நானும் என் தோழியும் செய்தோம். ஒரு பழத்துக்கு மீட்டர் 0.9 வோல்ட் காட்டியது. நாலு பழத்தை வரிசையாக இணைத்ததும் குட்டி சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரிந்தது. டார்ச் பல்பு எரியவே இல்லை, கரண்ட் அவ்வளவு குறைவு. அந்தப் பழத்தை ஜூஸ் போட்டுடாதீங்க, உலோகம் கரைந்திருக்கும்!

வோல்டா 1827 மார்ச் 5-ல் மறைந்தார். 1881-ல் மின்னழுத்த அலகுக்கு அவர் நினைவாக வோல்ட் என்று பெயர் வைத்தார்கள். யார் சொன்னாலும் செஞ்சு பார்த்து நம்புவோம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி