டைட்டானியத்தை எலும்போடு இணைத்த மருத்துவர்: பல் இம்பிளாண்ட் பிறந்த வரலாறு

பெங்களூரு, டிச. 20: பெங்களூருவின் பல் மருத்துவமனைகளில் பல் இழந்து வருவோரிடம் இன்று இம்பிளாண்ட், அபட்மெண்ட் ஆகிய இரு சொற்களும் சர்வ சாதாரணமாகப் பேசப்படுகின்றன. தாடை எலும்பில் பதிக்கப்படும் டைட்டானியத் திருகே இம்பிளாண்ட். ஈறைக் கடந்து வெளியே தலைகாட்டும் தூண் போன்ற பாகம் அபட்மெண்ட். அந்தத் தூணின் மீதுதான் செயற்கைப் பல் அமர்கிறது. இந்த முறையை உருவாக்கிய ஸ்வீடன் நாட்டு அறிஞர் பெர்-இங்வார் பிரோனெமார்க்கின் நினைவு தினம் இன்று கடைப்பிடிக்கப்படுகிறது. அவர் பல் மருத்துவர் அல்லர். மருத்துவம் பயின்ற உடற்கூறியல் ஆய்வாளர். அவரது கண்டுபிடிப்பைத் துறையினர் ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரோனெமார்க் 1929-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி தெற்கு ஸ்வீடனின் கடலோர ஊரான கார்ல்ஸ்ஹாமில் பிறந்தார். லுண்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் எலும்பு மஜ்ஜைக்குள் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது, காயமுற்ற எலும்பு எவ்வாறு ஆறுகிறது என்பவற்றையே அவர் ஆராய்ந்து வந்தார். பற்கள் அப்போது அவரது சிந்தனையில் இல்லை.

1950-களின் தொடக்கத்தில், முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறு கூடு ஒன்றைப் பொருத்தி, நுண்ணோக்கி வழியாக அதனுள் நிகழ்வதை உற்றுநோக்கினார். ஆய்வு முடிந்ததும் விலையுயர்ந்த அக்கூட்டைக் கழற்றி மீண்டும் பயன்படுத்த எண்ணினார். ஆனால், கூடு கழலவில்லை. எலும்பு அந்த உலோகத்தை அந்நியப் பொருளாகக் கருதி ஒதுக்காமல், அதன் மேற்பரப்பை ஒட்டியே வளர்ந்திருந்தது. மற்றோர் ஆய்வாளராயின் கருவி வீணாயிற்றே என்று வருந்தி நகர்ந்திருக்கக்கூடும். பிரோனெமார்க் இந்தப் பிணைப்பையே தமது ஆய்வுப் பொருளாக மாற்றிக்கொண்டார். எலும்பும் டைட்டானியமும் இடைவெளியின்றி இணையும் இந்நிகழ்வுக்கு ஆசியோஇன்டகரேஷன் என்ற பெயர் பின்னாளில் நிலைபெற்றது.

அதுவரை பல உலோகங்களைக் கொண்டு செய்யப்பட்ட தாடைப் பதிப்புகளில், உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே நார்த்திசு வளர்வது வழக்கம். நாளடைவில் பதிப்பு ஆட்டம் கண்டு, சீழ் பிடித்து, இருந்த எலும்பையும் அழித்துவிடும். ஆகவே, பல் மருத்துவப் பேராசிரியர்கள் இம்பிளாண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே ஐயம் கொண்டனர். அந்த ஐயம் நியாயமற்றது என்று கூறிவிட முடியாது.

கோதன்பர்க் நகருக்கு இடம்பெயர்ந்த பிரோனெமார்க், நாய்களிடம் நீண்ட காலம் சோதனை நடத்திய பின்னர், 1965-ஆம் ஆண்டு முதல் மனித நோயாளிக்குச் சிகிச்சை அளித்தார். பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் குறைபாடும் கொண்டிருந்த அந்த நபருக்குக் கீழ்த்தாடையில் பற்கள் இல்லை. மெல்லுவதும் பேசுவதும் அவருக்குப் பெரும் துன்பமாக இருந்தன. அவரது கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகள் பதிக்கப்பட்டன. அவர் 2006-ஆம் ஆண்டு காலமாகும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அத்திருகுகள் பயன்பாட்டில் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

பிரோனெமார்க் வகுத்த முறையில் பொறுமைக்கே முதலிடம். முதல் அறுவையில் திருகைப் பதித்து, அதன் வாயை மூடித் திருகால் அடைத்து, ஈறைத் தைத்துவிடுவர். கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும், எலும்பு மென்மையான மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்க வேண்டும். இரண்டாவது அறுவையில் ஈறைத் திறந்து அபட்மெண்ட் பொருத்தப்படும். திருகின் தலையில் 0.7 மில்லிமீட்டர் உயரமே கொண்ட அறுகோண முனை ஒன்று இருந்தது. பின்னர் பல நிறுவனங்களும் இவ்வடிவைப் பின்பற்றின. அபட்மெண்டின் மேல் பல்வரிசையைப் பிணைக்கச் சிறிய தங்கத் திருகுகள் பயன்பட்டன. அளவுக்கு மீறிய அழுத்தம் நேர்ந்தால் எளிதில் மாற்றக்கூடிய இந்தத் தங்கத் திருகே முதலில் விட்டுக்கொடுக்கும். எலும்பில் பதிந்த பாகம் தப்பிக்கும். பழுதையும் எதிர்பார்த்துச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. ஒரு கூட்டத்தில் மூத்த கல்வியாளர் ஒருவர், வெகுஜன இதழில் இடம்பெற்ற ஆய்வை நம்ப முடியாது எனக் கேலி செய்தார். பல்குச்சிப் பெட்டியின் விளம்பரத்தில் அந்தக் கல்வியாளரின் பெயரே இடம்பெற்றிருந்ததை பிரோனெமார்க் பதிலுக்குச் சுட்டிக்காட்டியதாகக் கூறப்படுகிறது. வாய்ச்சண்டையைவிட எண்களே அவருக்குத் துணை நின்றன. 1981-இல் அவரது குழுவினர் 371 நோயாளிகளின் 410 தாடைகளில் பதிக்கப்பட்ட 2,768 திருகுகளின் 15 ஆண்டு விவரத்தை வெளியிட்டனர். கீழ்த்தாடையில் 91 சதவீதத் திருகுகளும், மேல்தாடையில் 81 சதவீதத் திருகுகளும் உறுதியாக நின்றன. தோல்விகளையும் மறைக்காத கணக்கு இது. மறு ஆண்டு, டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் சார்ப் கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு வட அமெரிக்கக் கல்லூரிகளின் கதவுகள் திறந்தன.

இந்திய வாசகர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. இத்திருகுகளைப் பெருமளவில் தயாரிக்க பிரோனெமார்க் 1978-இல் கைகோத்த நிறுவனம் போஃபர்ஸ். 1986-ஆம் ஆண்டு பீரங்கி ஒப்பந்தத்தால் இந்திய அரசியலை உலுக்கிய அதே போஃபர்ஸ்தான். அந்நிறுவனத்தின் பல் பிரிவே பின்னர் நோபல் பயோகேர் என்ற பெயரைப் பெற்றது.

பிரோனெமார்க்குக்குப் பின் இத்துறை வெகுவாக மாறியுள்ளது. ஒற்றைப் பல்லுக்கு ஜிர்கோனியா அபட்மெண்ட் வந்துவிட்டது. கிரவுனைத் திருகாமல் சிமெண்டால் ஒட்டும் முறையும் பரவியது. ஈறுக்கடியில் தங்கிவிடும் சிமெண்ட் அழற்சியைத் தூண்டும் என்பது அதன் குறை. முழுப் பல்செட் அணிவோருக்குக் குமிழ், கம்பி, காந்தம் எனப் பலவகை அட்டாச்மெண்டுகள் உள்ளன. சட்டைப் பொத்தான் போல் அழுத்தினால் பல்செட் பிடித்துக்கொள்ளும். இரவில் கழற்றித் துலக்கலாம். பற்களற்ற கீழ்த்தாடைக்கு இரண்டு இம்பிளாண்டுகள் மீது அமரும் பல்செட்டையே முதல் தெரிவாக வழங்க வேண்டும் என 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். ஒரு நிறுவனத்தின் அபட்மெண்ட் மற்றொன்றின் திருகில் சரியாகப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. எனவே, சிகிச்சை பெற்றோர் தமக்குப் பொருத்தப்பட்ட இம்பிளாண்டின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கி வைத்திருப்பது நல்லது. பத்தாண்டு கழித்துத் திருகு தளர்ந்தால் அந்தச் சீட்டே உதவும்.

பல்லோடு பிரோனெமார்க்கின் பணி நிற்கவில்லை. 1977-இல் கோதன்பர்க்கில் மண்டை எலும்பில் பதிக்கும் செவித்துணைக் கருவி அறிமுகமானது. கால் இழந்தோரின் எலும்பில் நேரடியாகச் செயற்கைக் கால் பொருத்தும் முறையை அவரது மகன் ரிக்கார்ட் முன்னெடுத்தார். முதிய வயதில் பிரேசில் சென்ற பிரோனெமார்க், பாவ்ரு நகரில் 2005-ஆம் ஆண்டு சிகிச்சை மையம் ஒன்றை நிறுவினார். 2011-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளருக்கான வாழ்நாள் சாதனை விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி கோதன்பர்க்கில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 85.