பெருந்தலைவர் பிறந்த வீடு

காமராசர் கட்டிய அணைகளையும் திறந்த பள்ளிகளையும் நாம் அறிவோம். ஆனால், நம் ஆமத்தூரிலிருந்து பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் சென்றுவிடக்கூடிய அவரது விருதுநகர் வீட்டை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள், அன்று விருதுபட்டி எனப்பட்ட அவ்வூரில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்றிட்டனர்; அன்னையோ ராஜா என்றழைத்தார். இரண்டும் கூடிக் காமராஜ் ஆயிற்று.

அந்நாளைய கரிசல் சீமை வீடுகளில் பெண்களுக்கு ஓய்வேது? திரிகையில் திரிக்க வேண்டும். உரலில் கம்பு குத்த வேண்டும். விறகடுப்பை ஊதி ஊதிக் கண் சிவக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு தண்ணீர்ப் பாடுதான். குடத்தை இடுப்பில் ஏற்றாத நாள் கிடையாது. இத்தனைக்கும் நடுவே, உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே கலயத்தில் போட்டு வைத்தார்கள் விருதுபட்டித் தாய்மார்கள். அந்தப் பிடி அரிசியால் வளர்ந்தது சத்திரிய வித்தியாசாலை. அங்குதான் காமராசர் படித்தார். 1956இல் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே சோறிட்ட முதலமைச்சருக்கு அந்தக் கலயம் நினைவில் இருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

சிறு வயதிலேயே தந்தை மறைந்தார். அம்மையார் தம் நகைகளைப் பணமாக்கி, அதன் வட்டியில் குடும்பம் நடத்தினார் என்பர். மகன் படிப்பை விட்டு மாமனின் துணிக்கடைக்குப் போனார். பிறகு காங்கிரசுக்குப் போனார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தால் சிறைக்கும் போனார். மணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே, அன்னைக்கு உதவ மருமகளும் வரவில்லை.

1954இல் மகன் முதலமைச்சரானார். வீட்டுக்குத் தனிக் குழாய் இணைப்புத் தந்தார்களாம். தெருக் குழாய் போதும் என்று அதை அகற்றச் செய்தாராம் காமராசர். கழிப்பறை கட்டப் பக்கத்து இடத்தை வாங்க அன்னை விரும்பியபோதும் இசையவில்லை என்கிறார்கள். மேடைகளில் இவற்றைக் கேட்டுக் கைதட்டுகிறோம். தட்டத்தான் வேண்டும். ஆயினும், தூய்மை மகனுடையது. குடம் தாயுடையது அல்லவா? அவருடைய பொறுமையை எந்த மேடையும் பேசக் காணோம்.

அம்மையார் 1969இல் மறைந்தார். 1975 அக்டோபர் 2ஆம் நாள், சென்னை திருமலைப் பிள்ளை சாலையில் தாம் குடியிருந்த வாடகை வீட்டில் காமராசர் கண்மூடினார். விருதுநகர் வீடு இன்று அரசின் நினைவு இல்லமாக இருக்கிறது.