காப்டனுக்கும் விரல் தூக்கிய அம்பயர்

இந்திய அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932 ஜூன் 25-ந் தேதி லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தொடங்கியது. காப்டன் சி.கே. நாயுடு. நிசாரின் வேகத்திலும் ஒரு ரன்-அவுட்டிலுமாக இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட்டுகளை இழந்து திணறியதைப் பழைய ரசிகர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அன்று வெள்ளைக் கோட்டுடன் நின்ற இரு அம்பயர்களில் ஒருவர் பிராங்க் செஸ்டர். அவருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது.

லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்போர்ட்ஷயரில் உள்ள புஷி என்ற ஊரில் 1895-ம் ஆண்டு ஜனவரி மாதம் பிறந்தவர் செஸ்டர். மீசை அரும்பும் வயதிலேயே, 1912-ல், ஊஸ்டர்ஷயர் கவுண்டி அணியில் சம்பளத்துக்கு ஆடச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே மூன்று சதங்கள் அடித்தார். 1914-ல் எஸ்ஸெக்ஸ் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 178 ரன் குவித்தார். எதிரணிக் காப்டன் ஜானி டக்ளஸின் பந்துகளில் மட்டும் நான்கு சிக்ஸர்கள். இங்கிலாந்து அணியில் இவருக்கு ஓர் இடம் நிச்சயம் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அதற்குள் முதல் உலகப் போர் வந்தது. பீரங்கிப் படையில் சேர்ந்து, கிரீஸ் நாட்டு சலோனிகா போர்முனைக்குப் போனார். 1917-ல் அங்கேதான் வலது கை போயிற்று.

கை போன ஆட்டக்காரனுக்கு என்ன பிழைப்பு இருக்கிறது? 1922-ல் அவரை அம்பயர் பட்டியலில் சேர்த்தார்கள். அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆடி ஓய்ந்த கிழவர்களின் வேலையாக இருந்த அம்பயரிங்குக்கு அது மிகச் சின்ன வயது.

அவருடைய ஆரம்ப ஆட்டங்களில் ஒன்று லேட்டன் மைதானத்தில் எஸ்ஸெக்ஸுக்கும் சாமர்செட்டுக்கும் நடந்தது. எஸ்ஸெக்ஸ் காப்டன் அதே டக்ளஸ். எல்.பி.டபிள்யூ. அப்பீல் வந்தது. செஸ்டர் விரலைத் தூக்கினார். பிறகு சாமர்செட் காப்டன் டேனியலை ஸ்டம்பிங்கில் அவுட் கொடுத்தார். இரண்டுமே மயிரிழைத் தீர்ப்புகள். கூட நின்ற மூத்த அம்பயர் இவரைக் கண்டித்தார். காப்டன்களை அவுட் கொடுத்தால் இந்தத் தொழிலில் ரொம்ப நாள் தாங்க மாட்டாய் என்பது அவர் சொன்ன புத்தி.

அந்த எச்சரிக்கையை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. காப்டன்கள் அந்நாளில் பெரும்பாலும் சம்பளம் வாங்காத கனவான்கள். அம்பயர்களோ கூலிக்கு ஆடி ஓய்ந்தவர்கள். அவர்கள் பிழைப்பு காப்டன்களின் நல்லெண்ணத்தில் தொங்கியது. ஆண்டறிக்கை எழுதும் அதிகாரியின் பயணப்படி பில்லில் கைவைக்கும் குமாஸ்தாவின் நிலைமை நமக்குத் தெரியாததல்ல. செஸ்டருக்குப் போன கையோடு, இந்த வேலையும் போனால் வேறு வழியில்லை. அப்படியும் அடுத்த ஆட்டங்களில் அவர் விரல் தயங்கவில்லை.

1924-ல் டெஸ்ட் ஆட்டத்துக்கு வந்தார். ஸ்டம்புகளுக்கு மேல் முகம் தொடுமளவு குனிந்து நிற்பது அவர் வழக்கம். ஓவரின் பந்துகளை எண்ணுவதற்கு ஆறு கூழாங்கற்கள் வைத்திருந்தார். முதல் ஆட்டத்துக்குப் புறப்படும்போது தாயாரின் தோட்டத்தில் பொறுக்கிய கற்கள் அவை.

1938 நாட்டிங்ஹாம் டெஸ்டை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிராட்மன் 51 ரன்னில் ஆடிக்கொண்டிருந்தார். சின்பீல்டு வீசிய பந்து உள்பக்கம் திரும்பி, மட்டையின் உள்விளிம்பை லேசாக உரசி, பேடில் பட்டு, ஸ்டம்புக்கு மேலே எழும்பி விக்கெட் கீப்பர் ஏம்ஸின் கையில் விழுந்தது. பிராட்மன் தடுமாற, ஏம்ஸ் பெயில்ஸையும் தட்டிவிட்டார். எல்லாம் ஒரு நொடிக்குள், கால்களும் பேடுகளும் மட்டையுமாகக் குழம்பிய இடத்தில். ஸ்டம்பிங்குக்கு அப்பீல் செய்தபோது ஸ்கொயர்-லெக் அம்பயர் இல்லை என்றார். உடனே ஏம்ஸ் எதிர்முனையில் நின்ற செஸ்டரைக் கேட்டார். செஸ்டர் சலனமே இல்லாமல் காட்ச் என்று அவுட் கொடுத்தார். அவுட்டான பிராட்மனே பின்னால் தம் சுயசரிதையில் இதைப் பாராட்டி எழுதி, தாம் ஆடிய காலத்து அம்பயர்களில் செஸ்டரே தலைசிறந்தவர் என்றும் பதிவு செய்தார்.

இன்றானால் ஏம்ஸின் காப்டன் இரு கையாலும் ஜாடை காட்டி மறுபரிசீலனை கேட்பார். பந்து உரசிய ஒலியைக் கருவி காட்டும். மெதுவாக ஓடும் படத்தை டி.வி. அம்பயர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். 2008-ல் இந்தியா-இலங்கைத் தொடரில் சோதனையாக வந்து, அடுத்த ஆண்டு முறையாக நுழைந்த ஏற்பாடு அது. ஆனால் இன்றும் எல்.பி.டபிள்யூ.வில் பந்து ஸ்டம்பின் ஓரத்தைத்தான் தொடும் என்று கருவி காட்டினால், அம்பயர் முதலில் சொன்னதே நிற்கும். செஸ்டரின் தொழிலில் அந்த ஓரம் மட்டும் கருவிக்குக் கட்டுப்படாமல் மிஞ்சியிருக்கிறது.

அவரைக் குறையே இல்லாதவர் என்று சொல்லப் போவதில்லை. வயது ஏற ஏற வயிற்றுப் புண் வாட்டியது. சிடுசிடுப்பு கூடியது. கூட்டமாகக் கத்தி அப்பீல் செய்யும் ஆஸ்திரேலியர்களைக் கண்டாலே எரிச்சல். அவர்களுக்கும் அவரைப் பிடிக்காமல் போனது. 1953-ல் லீட்ஸ் டெஸ்டில் ஒரு ரன்-அவுட் அப்பீலை அவர் நிராகரிக்க, அது பட்டவர்த்தனமான அவுட் என்று ஆஸ்திரேலியர்கள் கொதித்தார்கள். கடைசி டெஸ்டுக்கு அவர் வேண்டாம் என்று கேட்டார்கள். ஓவல் மைதானத்தில் நடந்த அந்த டெஸ்டில் செஸ்டர் நிற்கவில்லை. லேட்டனில் மூத்தவர் பயமுறுத்தியது பலிக்க முப்பத்தோரு வருடம் ஆயிற்று.

வேலை அத்தோடு போய்விடவில்லை. 1955 வரை நின்று, மொத்தம் 48 டெஸ்டுகளை முடித்துவிட்டே ஓய்ந்தார். 1957 ஏப்ரல் 8-ந் தேதி புஷியில் காலமானார். ஆட்டக்காரராக இருந்து அம்பயரான நம் சென்னை வெங்கட்ராகவன் 73 டெஸ்டுகளில் நின்று 2004-ல் ஓய்வு பெற்றார். ஆனால் செஸ்டர் காலத்தில் டெஸ்டுகளே குறைவு. அவருடைய 48 என்ற கணக்கை மிஞ்ச டிக்கி பேர்டுக்கு 1992 வரை பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில்தான் டர்பன் மைதானத்தில் முதன்முறையாக டி.வி. படம் பார்த்து ஒரு ஆட்டக்காரரை ரன்-அவுட் கொடுத்தார்கள். அவர் சச்சின் டெண்டுல்கர்.