கடலை வீட்டுக்கு அழைத்து வந்தவர்

கடல் எங்கே, காக்ஸ் டவுன் எங்கே! அலையோசை கேட்க விரும்பும் பெங்களூர்வாசி சென்னைக் கரைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஆயினும் சென்ற திங்கள், காக்ஸ் டவுனில் உள்ள என் மாமா வீட்டுக் கூடத்திற்கு ஒரு சிறு கடலே வந்து சேர்ந்தது. கண்ணாடித் தொட்டி, உப்பு நீர், பாறைத் துண்டுகள், அவற்றின் நடுவே புதிதாய் வாங்கிய ஒரு கடற்சாமந்தி. வந்த மூன்றாம் நாள் அது பாறையின் நடுவிடத்தை விட்டு மூலைக்கு நகர்ந்து, சுருங்கிப் புளி உருண்டைபோல் ஆகிவிட்டது. அதைப் பெயர்த்தெடுத்து மீண்டும் நடுவில் வைக்கத் துடித்தான் மாமா மகன். கை வைக்கக் கூடாது என்று தடுத்தார் அத்தை. இந்த வழக்குக்குத் தீர்ப்புத் தேடி நூலகம் சென்ற நான், தீர்ப்போடு ஒரு மனிதரின் வாழ்வையும் கண்டு வந்தேன். அவர் பெயர் பிலிப் ஹென்றி காஸ்.

காஸ் 1810-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று சிற்றுருவ ஓவியம் தீட்டி வாழ்ந்தவர். வீட்டில் வறுமை இருந்தது, தூரிகையும் இருந்தது. வளர்ந்தது பூல் என்னும் துறைமுக ஊரில். அங்கே அத்தை ஒருவர் சிறுவனுக்குக் கடற்சாமந்தியைக் காட்டினார். பெயரால் அது பூ, பிறப்பால் விலங்கு. இதழ்கள் என நாம் எண்ணுபவை, கொட்டி இரை பிடிக்கும் உணர்கைகள். அத்தை மூட்டிய அந்த ஆர்வம் அவர் வாழ்நாள் முழுவதும் அணையவில்லை.

வாழ்க்கை அவரை உடனே கடற்கரையில் நிறுத்திவிடவில்லை. 1827-இல், பதினேழு வயதில், நியூபவுண்ட்லாந்துத் தீவில் ஒரு வணிக நிறுவனத்திற்குக் கணக்கெழுதச் சென்றார். 1835-இல் கனடாவில் உழவராகிப் பார்த்தார், பயன் இல்லை. 1838-இல் அமெரிக்காவின் அலபாமாவில் சில திங்கள் பள்ளி ஆசிரியராய் இருந்தார். எங்கும் பொருள் சேரவில்லை. ஆனால் பூச்சிகளைப் பற்றிய குறிப்புகளும் படங்களும் சேர்ந்துகொண்டே இருந்தன. 1844-இல் ஜமைக்கா சென்று, பறவைகளை ஆராய்ந்து, 1846-இல் தாயகம் திரும்பினார். 1848-இல் எமிலி என்பாரை மணந்தார். அடுத்த ஆண்டு எட்மண்ட் பிறந்தான்.

1852-இல் உடல்நலம் குன்றியது. கடற்காற்று வேண்டி டெவன் கடற்கரைக்குக் குடும்பத்துடன் சென்றார். நோய் தீர்க்கச் சென்ற இடத்தில் வாழ்வின் பணியைக் கண்டார்! அலை வடிந்ததும் பாறைக் குட்டைகளில் இறங்குவார். கடற்சாமந்தியைப் பிய்த்து எடுக்கமாட்டார். அதன் அடிப்பாதம் கிழிந்தால் அது பிழைப்பது அரிது என்பதை அறிந்தவர் அவர். ஆகவே உளியும் சுத்தியலும் கொண்டு, ஒட்டியிருக்கும் பாறையோடு சேர்த்தே பெயர்ப்பார். ஒருமுறை அவ்வுயிரைச் சமைத்து உண்டும் பார்த்தார் என்றால் அவருடைய அறிவு வேட்கையை என்னென்பது!

கடல் உயிரைக் கரையில் வாழவைப்பது அந்நாளில் பெரும்பாடு. 1846-இல் அன்னா தைன் என்னும் பெண்மணி லண்டனில் பவளவுயிர்களை வளர்த்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காக அவர் வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் நீரைப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. செடியும் உயிரும் ஒன்றையொன்று தாங்கும் என்பதை வேதியியலார் ராபர்ட் வாரிங்டன் தொட்டியிலே மெய்ப்பித்துக் காட்டினார். அந்த வழியிலேயே நடந்த காஸ், கடற்பாசிகளை வைத்து நீரைத் தூய்மையாக்கினார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் திறக்கப்பட்ட மீன் இல்லத்திற்கு அவர் திரட்டிய உயிர்கள் சென்றன. உலகின் முதல் பொது மீன் காட்சியகம் அதுவே.

கடலுக்கு நெடுந்தொலைவில் வாழ்வோர் என் செய்வது? 1854-இல் அவர் விடை கண்டார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் அளவறிந்து நன்னீரில் கலந்தார். அதில் முதலில் கடற்பாசிகளை இட்டுச் சில நாள் பொறுத்திருந்தார். பிறகே உயிர்களை விட்டார். காக்ஸ் டவுனில் இன்று பொட்டல உப்பைக் கரைத்துக் கடல் செய்யும் ஒவ்வொருவரும் அவர் காட்டிய வழியில் நடப்பவரே. அதே ஆண்டு வெளிவந்த அவருடைய ‘அக்வேரியம்’ என்னும் நூல் அச்சொல்லையே நாடறியச் செய்தது. சென்னைக் கடற்கரையில் 1909-இல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது, அந்தப் பெயரே கடல் கடந்து நம் கரைக்கும் வந்தது.

1856-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஆனால் புகழ் வந்த கையோடு துன்பமும் வந்தது. 1857-இல் மனைவி எமிலி புற்றுநோயால் மறைந்தார். அதே ஆண்டு, படைப்பைப் பற்றிய தம் சமய நம்பிக்கையை நிலவியலோடு பொருத்த முயன்று அவர் எழுதிய நூலை அறிவியலாரும் ஏற்கவில்லை, சமயத்தாரும் ஏற்கவில்லை. தாயற்ற மகனோடு டெவனில் குடியேறிப் பாறைக் குட்டைகளுக்கே திரும்பினார். பிரிட்டனின் கடற்சாமந்திகளைப் பற்றித் தாமே வரைந்த படங்களுடன் 1860-இல் அவர் முடித்த பெருநூல் அந்தத் தனிமையில் விளைந்தது.

இங்கேதான் இவ்வரலாற்றின் வேதனை இருக்கிறது. அவர் நூல்களைப் படித்தவர்கள் கூடை கூடையாகக் கடற்கரையை வாரிச் சென்றார்கள். அவருடைய ஆர்வம் அவர்களைத் தொற்றியது, பொறுமை தொற்றவில்லை. தொட்டியில் ஒன்று இறந்தால் இன்னொன்று என்று எடுத்தார்கள். அவர் நேசித்த குட்டைகள் அவர் கண்முன்னே வெறுமையாயின. அந்த அழிவையும் தந்தையின் வருத்தத்தையும் மகன் எட்மண்ட் 1907-இல் வெளியிட்ட நூலில் எழுதிவைத்தார். அதைக் காண காஸ் இல்லை. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள் அவர் மறைந்துவிட்டார்.

கடற்சாமந்தியின் ஆயுள் குறுகியதன்று. ஸ்காட்லாந்தில் சர் ஜான் டேலியல் என்பார் 1828-இல் கடற்கரையில் எடுத்த ஒன்று, அவர் இறந்தபின்னும் கைமாறிக் கைமாறி 1887 வரை வாழ்ந்தது. அத்தகைய உயிரைச் சில வாரங்களில் சாகவிடுவது நம் அவசரமேயன்றி வேறென்ன?

இனித் தீர்ப்புக்கு வருவோம். வென்றவர் அத்தை! மூலைக்கு நகர்ந்ததும் சுருங்கியதும் தன் இடத்தைத் தேடும் முயற்சியாக இருக்கலாம். பிடுங்கினால் பாதம் கிழியும். நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுவதால், குறைந்த நீருக்குத் தூய நன்னீரையே ஊற்ற வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் ஆகாது. தொட்டி சில திங்கள் பழகி நிலைபெற்ற பின்னரே கடற்சாமந்தியை விடவேண்டும். காஸ் அறியாத ஒன்றையும் இன்று நாம் அறிவோம். கோமாளி மீனுக்கு வீடாகும் நம் வெப்பக்கடல் இனங்களின் உடலில் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவற்றுக்கு நல்ல ஒளி வேண்டும். ஒளி குறைந்தால் உயிர் வெளுத்து மெலியும். இறந்துவிட்டாலோ உடனே அகற்ற வேண்டும். இல்லையேல் தொட்டியே நஞ்சாகும்.

ஒன்பதாம் நாள் மாலை மூலையிலேயே அது விரிந்தது. நடுவில் இல்லையே என்ற குறை மாமா மகனுக்கு இன்னும் உண்டு. ஆனால் இப்போது அவன் தொடுவதில்லை. நாற்காலியை மூலைக்கு நகர்த்திக்கொண்டு பார்க்கிறான்.

மாணவத் தோழர்களே, அறிவு ஆசையை வளர்ப்பது எளிது. ஆசைக்கு அளவும், அளவுக்குப் பொறுமையும் கற்பிப்பது அரிது. முதலில் நீரைப் பக்குவப்படுத்துவோம். பிறகு உயிரை அழைப்போம். காஸ் வாழ்ந்து காட்டியது அது. அவரைப் படித்தவர்கள் கற்கத் தவறியதும் அதுவே.