இந்தியை விரும்பியவர், திணிப்பை எதிர்த்தவர்

மத்திய அரசு அலுவலகங்களுக்கு வரும் சுற்றறிக்கைகளில் இந்தியோடு ஆங்கிலமும் இருப்பதை அன்றாடம் பார்க்கிறோம். இந்த நிலைக்காக வாதாடியவர்களில் ஒரு வங்காளப் பேராசிரியரும் உண்டு. அவர்தான் டாக்டர் சுனிதி குமார் சட்டர்ஜி.

ஹவுராவைச் சேர்ந்த சிவ்பூரில் 1890-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி பிறந்தார். மோதிலால் சீல் இலவசப் பள்ளியில் படித்தார். 1913-ல் எம்.ஏ. ஆங்கிலத்தில் முதலிடம் பெற்றார். 1921-ல் லண்டனில் டி.லிட். பட்டம் வாங்கினார். மறு ஆண்டு முதல் 1952 வரை கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். வங்க மொழியின் தோற்றம், வளர்ச்சி பற்றி 1926-ல் அவர் வெளியிட்ட நூல் பெரும்புகழ் தேடித் தந்தது.

பொதுமொழி ஆசை

இவர் இந்திக்கு விரோதி அல்ல. கடைவீதிகளில் பேசப்படும் எளிய இந்தியை ரோமன் எழுத்தில் எழுதி, நாடு முழுவதற்கும் பொதுமொழி ஆக்கலாம் என்று முன்பு சொல்லி வந்தவரே இவர்தான்.

1955-ல் பம்பாய் முன்னாள் முதல்-மந்திரி பி.ஜி.கேர் தலைமையில் ஆட்சிமொழிக் கமிஷன் அமைந்தது. 21 பேர் கொண்ட அந்தக் கமிஷனில் சட்டர்ஜியும் இடம்பெற்றார். 1965-ல் இந்திக்கு மாறுவதற்கான ஏற்பாடுகளைப் பெரும்பான்மையோர் ஆதரித்தனர்.

இருவர் மறுப்பு

சட்டர்ஜியும், சென்னை மாகாண முன்னாள் முதல்-மந்திரி டாக்டர் பி.சுப்பராயனும் அதை ஏற்கவில்லை. 1956-ல் வந்த அறிக்கையில் தங்கள் மறுப்பைத் தனித்தனியே எழுதிச் சேர்த்தனர்.

சட்டர்ஜியின் வாதம் சாமானியருக்கும் புரியக் கூடியது. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் தேர்விலும் உத்தியோகத்திலும் தானாகவே முன்னே நிற்பார். மற்றவர் அந்த மொழியைப் புதிதாகக் கற்று அவரோடு போட்டியிட வேண்டும். ஒரே நாட்டில் முதல்தரக் குடிமக்கள், இரண்டாந்தரக் குடிமக்கள் என்று பிரிவு உண்டாகும். எனவே அவசரம் கூடாது, ஆங்கிலம் நீடிக்கட்டும் என்றார்.

அன்று அந்த வாதம் எடுபடவில்லை. ஆனால், 1965-க்குப் பிறகும் ஆங்கிலம் தொடர 1963-ம் ஆண்டுச் சட்டம் இடம் அளித்தது. 1965-ல் தமிழகம் கொந்தளித்த பிறகு, 1967-ல் வந்த திருத்தம் அதை உறுதி செய்தது.

கொங்கணிக்கு இடம்

1969-ல் சாகித்ய அகாடமி தலைவரானார். கொங்கணி தனிமொழியா, மராத்தியின் கிளைமொழியா என்ற வழக்கு அப்போது மூண்டது. சட்டர்ஜி அறிஞர் குழுவிடம் அதை ஒப்படைத்தார். தனிமொழியே என்று 1975-ல் முடிவாயிற்று.

1977-ம் ஆண்டு மே 29-ந் தேதி காலமானார்.

தான் விரும்பிய மொழியே ஆனாலும், அதனால் அடுத்தவர் பிழைப்பு கெடும் என்று கண்டபோது எதிர்த்துக் கையெழுத்திட்டவர் அவர். வெளிமாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் நாம் மறக்கக் கூடாத பெயர்.