கல் பொறுக்கப் போனவர்

மூணாவது வருஷம் சர்வே பரீட்சைக்குப் படிக்காமல் நம் கல்லூரி நூலகத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஆனந்த குமாரசாமி எனக்கு அறிமுகம். கலை விமர்சகர் என்று நினைத்துப் புரட்டினால், மனுஷர் அடிப்படையில் ஜியாலஜிக்காரர்!

1877-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசாமி இலங்கைத் தமிழர், தாய் ஆங்கிலேயர். தந்தை சீக்கிரமே காலமாகிவிட, வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கிலாந்தில். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள சர்வேயின் இயக்குநர்.

கல் பொறுக்கப் போன இடத்தில்தான் கண்டிப் பகுதிக் கைவினைஞர்களைப் பார்த்தார். 1815-ல் கண்டி ராஜ்யம் போனதிலிருந்து அவர்களை ஆதரிக்க ஆளில்லை. ஒரு கல் எங்கே, எந்த மண்ணில் கிடைத்தது என்று குறிப்பது போலவே கருவியின் பெயர், செய்முறை, செய்தவரின் குலம் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். மனைவி எதெல் போட்டோ எடுத்தார். பழைய சிற்ப நூல்களையும் விடவில்லை. ஏட்டில் இருப்பதையும் கைவேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இப்படி உருவான இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல், வில்லியம் மாரிஸ் உபயோகித்த அச்சு இயந்திரத்திலேயே 1908-ல் அச்சாகி முடிந்தது. மொத்தம் 425 பிரதிகள்தான்.

இதன் அருமை வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க, வரைபடத்தை நம்பி எஸ்டிமேட் போட்டேன். உடைத்துப் பார்த்தால், வரைபடத்தில் இருந்த பீம் அங்கே இல்லவே இல்லை! வரைந்தவர் பொய் சொல்லவில்லை. அது கட்டுவதற்கு முன்னால் போட்ட படம், அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த மேஸ்திரி நாலு தெரு தள்ளித்தான் இருந்தார். நான்தான் கேட்கவில்லை.

வட இந்தியாவில் அலைந்து சேர்த்த படங்களை வைத்து, ராஜபுத்திர ஓவியம் முகலாய ஓவியத்தின் கிளையல்ல, தனி மரபு என்று 1916-ல் நூல் எழுதினார். மறு வருஷம் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் சேர்ந்து, 1947-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

அந்த நூலில் பல படங்களுக்கு அவர் போட்ட காலக்கணக்கு தப்பு. படத்தின் தோற்றத்தை மட்டும் வைத்துக் காலம் சொன்னால் அப்படித்தான் ஆகும். பிறகு பி.என். கோஸ்வாமி, ஹரித்துவார் பண்டாக்களின் யாத்ரிகர் பேரேடுகளைப் புரட்டி, பஹாடி ஓவியர்களின் வம்சாவளியையே வெளியே கொண்டுவந்தார். பாணி போனது ராஜ்யத்தோடு அல்ல, குடும்பத்தோடு என்று 1968-ல் எழுதினார். குமாரசாமி படம் தேடி அலைந்த காலத்திலும் பண்டாக்களின் பேரேடுகள் ஹரித்துவாரில்தான் இருந்தன.