வானூர்தி வகுத்த வில்பர் றைற்

துவிச்சக்கரவண்டி திருத்துவோர் இருவர் தற்செயலாய் ஆகாயவிமானத்தைக் கண்டுபிடித்தனர் என்று கூறுவாரை இன்றும் காண்கின்றோம். அது பொருந்தாக் கூற்று. விமானம் என்பது தனிப்பொருளன்று. சிறகும் சுக்கானும் இயந்திரமும் சுழல்விசிறியும் ஓட்டுநரின் கையும் ஒன்றோடொன்று இயைந்து தொழிற்படும் ஒரு தொகுதி. அவற்றுள் ஒன்று பிழைப்பின் அனைத்தும் பிழைக்கும். இவ்வுண்மையை உணர்ந்து, ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனி ஆராய்ந்து, அளந்து, பின்னர் ஒன்றாக இயைத்த சகோதரர் இருவருள் மூத்தவர் வில்பர் றைற். அவர் வாழ்க்கையில் நாம் பின்பற்றத்தக்கதும் உண்டு. அஞ்சி விலகத்தக்கதும் உண்டு.

வில்பர் 1867ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 16ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், மில்வில் என்னும் ஊரின் அருகே பிறந்தார். தந்தையார் கிறித்தவத் திருச்சபையொன்றின் அத்தியட்சர். தாயார் கருவிகளைக் கையாள்வதில் வல்லவர். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களைத் தம் கையாலேயே செய்து கொடுப்பவர். 1878ஆம் ஆண்டில் தந்தையார் இறப்பர் நாடாவின் முறுக்கினால் மேலெழும் சிறு பறவைப் பொறியொன்றை வாங்கி வந்தார். வில்பருக்கு அப்பொழுது வயது 11. தம்பி ஓர்விலுக்கு 7. அப்பொறி உடைந்தது, ஆயின் அது மூட்டிய ஆவல் தணிந்திலது.

கல்வியிற் சிறந்து விளங்கிய வில்பர் யேல் பல்கலைக்கழகம் புக எண்ணியிருந்தார். 18ஆம் வயதில், பனிக்கட்டிமேல் விளையாடும்போது கோலொன்று முகத்திற் பட்டுப் பற்கள் சிதைந்தன. உடலும் உள்ளமும் தளர்ந்தன. பல்கலைக்கழகக் கனவு கலைந்தது. காசநோயுற்றிருந்த தாயாரைப் பேணிக்கொண்டு, தந்தையாரின் நூல்களைக் கற்றபடி வீட்டிலேயே இருந்தார். 1889ஆம் ஆண்டில் தாயார் இறந்தார். அதன்பின் தம்பியோடு அச்சுத் தொழில் செய்தார். 1892ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரில் இருவரும் துவிச்சக்கரவண்டிக் கடை தொடங்கினர்.

1896ஆம் ஆண்டில் சறுக்கு விமானத்திற் பறந்த செருமானியர் ஒற்றோ லிலியந்தால் வீழ்ந்து மாண்டார். அச்செய்தி வில்பரின் பழைய ஆவலைக் கிளறியது. 1899ஆம் ஆண்டு மே 30ஆந் திகதி வாசிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவகத்துக்கு எழுதிப் பறத்தல் பற்றிய நூல்களை வேண்டினார். கற்க வேண்டியவற்றைக் கற்றபின், செய்யவேண்டியது யாதென ஆராய்ந்தார்.

பிறர் பலரும் வலிய இயந்திரத்தையே நாடினர். அல்லது தானாகவே நிலைகுலையாத விமானத்தை நாடினர். வில்பரோ முதலில் ஆளுகையைத் தேடினார். துவிச்சக்கரவண்டி தானாக நில்லாது. ஓட்டுபவனே அதனைச் சாயாது காக்கின்றான். விமானமும் அத்தகையதே என அவர் கருதினார். பறவைகள் சிறகு நுனிகளைத் திருகிச் சமநிலை காப்பதைக் கண்டார். கடையிலிருந்த நீண்ட அட்டைப்பெட்டியொன்றை விரல்களால் முறுக்கியபோது, இருசிறகையும் எதிரெதிராகத் திருகும் வழி புலனாயிற்று. 1899ஆம் ஆண்டிலேயே ஐந்தடி அகலப் பட்டமொன்றிற் சோதித்தார். அது கயிறுகளுக்குப் பணிந்தது.

அடுத்த ஆண்டு முதல் வட கரோலினாவின் கிற்றி ஹோக் மணற்குன்றுகள் சகோதரரின் சோதனைக்களமாயின. 1901ஆம் ஆண்டிற் கொண்டுசென்ற சறுக்கு விமானமோ, கணக்கிட்டதில் மூன்றிலொரு பங்கு தூக்குவிசையையே தந்தது. மனம் உடைந்த வில்பர், தம் வாழ்நாளில் மனிதர் பறக்கப்போவதில்லை என்றே எண்ணினார்.

அச்சோர்விலிருந்து அவரை மீட்டது ஐயமே. தாம் பிழையாகக் கட்டினோமா, அன்றிக் கற்ற எண்களே பிழையா என வினாவினார். ஆறடி நீளமுள்ள மரப்பெட்டியொன்றில் விசிறியினாற் காற்றைச் செலுத்தி, வாள் அலகுகளாலும் துவிச்சக்கரவண்டிச் சில்லுக் கம்பிகளாலும் துலைகள் அமைத்து, சகோதரர் இருவரும் ஏறத்தாழ 200 சிறு சிறகு வடிவங்களை ஆராய்ந்தனர். நூறாண்டுக்கு மேலாக அறிஞர் கையாண்ட காற்றழுத்த மாறிலி 0.005 என்பது மிகையானது என்றும், உண்மை ஏறத்தாழ 0.0033 என்றும் கண்டனர். பெருமக்கள் எழுதியதாயினும் அளந்து பார்த்த பின்னரே கொள்ளவேண்டும் என்பதை அக்குளிர்காலம் அவர்களுக்குக் கற்பித்தது.

புதிய அளவைகளின்படி 1902ஆம் ஆண்டில் அமைத்த சறுக்கு விமானம் நன்கு மிதந்தது. ஆயின் சிறகைத் திருகியபோது சிலவேளை அது தாழ்ந்த பக்கமாகச் சுழன்று மணலிற் குத்தியது. அசையாதிருந்த பின்சுக்கானை அசையச் செய்யலாம் என்றார் ஓர்வில். அதனைச் சிறகு திருகும் கயிற்றோடே பிணைத்துவிடலாம் என்றார் வில்பர். படுத்திருக்கும் ஓட்டுநர் இடுப்பை அசைக்கச் சிறகும் சுக்கானும் ஒருங்கே இயங்கின. ஓர் உறுப்பின் குறையை மற்றோர் உறுப்பாற் போக்கும் இவ்விணைப்பே விமான அமைப்புக் கலையின் உயிர்நிலை.

சுழல்விசிறிக்கு வழிகாட்டக் கப்பல் நூல்களில் தக்க கொள்கை கிடைத்திலது. சுழலும் சிறகே விசிறி எனக் கொண்டு, இரவிரவாகச் சகோதரர் வாதிட்டுக் கணித்தனர். இயந்திரம் செய்து தருவாரையும் காணவில்லை; அவர்களின் கடைத் தொழிலாளர் சாள்ஸ் ரெயிலர் ஆறு கிழமையில் ஒன்றைச் செய்து முடித்தார். அதன் வலு ஏறத்தாழ 12 பரிவலு. அது இரு விசிறிகளைச் சங்கிலிகளால் எதிரெதிராகச் சுழற்றியது. இதே காலத்தில் சிமித்சோனியன் நிறுவகச் செயலாளர் லாங்கிலி, 50 பரிவலுக்கு மேற்பட்ட இயந்திரமும் அரசாங்கத்தின் 50,000 டொலரும் கொண்டு முயன்றார். அவர் விமானம் 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆந் திகதி பொற்றோமக் நதியில் வீழ்ந்தது. வலு மிகுந்திருந்தது, இயைபு இருந்திலது.

அதற்கு ஒன்பது நாட்களின் பின், டிசெம்பர் 17ஆந் திகதி, கிற்றி ஹோக் அருகே ஓர்வில் 12 செக்கனில் 120 அடி பறந்தார். அன்றைய நான்காம் பறப்பில் வில்பர் 59 செக்கன் நின்று 852 அடி கடந்தார். ஆயினும் அத்தோடு பணி முடிந்ததெனச் சகோதரர் கருதவில்லை. டேற்றனுக்கு அயலிலுள்ள மேய்ச்சல் நிலத்தில் ஈராண்டு திருத்தித் திருத்திச் சோதித்தனர். 1905ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் திகதி வில்பர் சுற்றிச் சுற்றி 24 மைல் பறந்தார். 1908ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிரான்சின் லெ மான் நகரருகே அவர் வளைந்து திரும்பிப் பறந்ததைக் கண்டோரின் ஐயம் அகன்றது; உலகம் அவரைப் போற்றியது.

புகழின் நடுவே துயரமும் வந்தது. அவ்வாண்டு செத்தெம்பர் 17ஆந் திகதி, வாசிங்டனருகே ஓர்வில் செலுத்திய விமானத்திற் புதிதாகப் பூட்டிய விசிறியொன்று பிளந்து, அதிர்ந்து, சுக்கானைத் தாங்கிய கம்பியைத் தாக்கியது. விமானம் வீழ்ந்தது. உடன்சென்ற படையதிகாரி செல்பிறிட்ஜ் உயிர்துறந்தார். ஓர்வில் கால் முறிந்து படுக்கையிற் கிடந்தார். உடைந்த துண்டுகளைப் படுக்கைக்கே வருவித்து அவர் காரணம் தேடினார். ஒரு மரத்துண்டின் பிளவு ஓருயிரைக் கவர்ந்ததை எண்ணுங்கால், ஒவ்வோர் உறுப்பையும் சோதித்தல் எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

இனிக் கூறுவது வருத்தந் தருவது. 1906ஆம் ஆண்டிற் பெற்ற காப்புரிமையை நிலைநாட்ட, 1909ஆம் ஆண்டு முதல் வில்பர் வழக்குகளில் இறங்கினார். உரிமை அவருடையதே, உழைப்பும் அவருடையதே. ஆயின் அவர்தம் எஞ்சிய காலம் தொழிற்சாலையிற் கழியாது, வழக்கறிஞர் அறைகளிற் கழிந்தது. அதற்கிடையில் ஐரோப்பியர் சிறகைத் திருகுதலை விடுத்து, சிறகோரத்து மடல்களைப் பொருத்தினர். புதுப்புது அமைப்புகளைச் சோதித்து முன்னேறினர். றைற் விமானங்களோ 1910ஆம் ஆண்டுவரை சில்லின்றிச் சறுக்குச் சட்டங்களிலேயே நின்றன. சிறகு திருகும் முறையை அதன் பின்னரும் பல்லாண்டு விட்டில. பிறர் எண்களை ஐயுற்று வென்றவர், தம் விமானத்தை ஐயுற ஓய்வின்றிப் போயினார்.

1912ஆம் ஆண்டு மே 30ஆந் திகதி, நெருப்புக்காய்ச்சலால் வில்பர் தம் 45ஆம் வயதில் டேற்றன் நகரில் இறந்தார். மணம் புரிந்திலர். ஓர்வில் 1948ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார்.

இன்று ஒரு பெருவிமானத்தைப் பல்லாயிரம் பொறியியலாளர் கூடி அமைக்கின்றனர். எனினும் முறை பழையதே: தேவையை வரையறுத்தல், கணித்தல், சிற்றுருவைக் காற்றுச் சுரங்கத்திற் சோதித்தல், உறுப்புகளை நிலத்திற் பரீட்சித்தல், ஒன்றோடொன்று இயைத்தல், இறுதியிற் பறத்தல், குறை கண்டு மீண்டும் திருத்தல். மாணாக்கர்காள், பட்டம் பெறாத ஒருவர் இம்முறையைக் கைக்கொண்டு வானை வென்றார். ஆய்வுகூடத்தில் உங்கள் விடை நூலின் விடையோடு மாறுபடுமாயின், அதனை உடனே அழித்துவிடாதீர்கள்; மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.